லில்லியின் ஒருசந்தி

நான் என் நாயைப் பட்டினி போட்டேன். மறதியால் அல்ல, வீட்டில் அரிசி இல்லாமல் அல்ல... வேண்டுமென்றே! அந்தப் பழியை வேறொருத்தி சுமந்துகொண்டு திரிகிறாள். நான் வாயை மூடிக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கிறேன், இன்றுவரை.

இதைப் படித்ததும் நீங்கள் என்னை என்னென்ன சொல்லித் திட்டுவீர்கள் என்று தெரியும். அந்தச் சொற்களையெல்லாம் நானே எனக்குச் சொல்லிப் பார்த்துவிட்டேன். உறைக்கிறது, ஆனால் போதவில்லை. அதனால்தான் முகம் தெரியாத உங்களிடம் வந்திருக்கிறேன்.

என் பெயர் மேரி. ஆரணியில் பட்டுச் சேலை முந்தானைகளுக்குக் குச்சு கட்டுகிறவள். தனிக்கட்டை. என் தம்பி ஓசூருக்கு வேலை மாற்றிக்கொண்டு போனபோது, அங்கே அடுக்குமாடி வீட்டில் நாய்க்கு இடமில்லை என்று லில்லியை என்னிடம் விட்டுப் போனான். பொன்னிற உடம்பு, ஒரு காது மட்டும் மடங்கியிருக்கும். கொஞ்ச நாள் பார்த்துக்கொள்ளச் சொன்னவன் திரும்ப அழைத்துப் போகவே இல்லை. அதற்காக அவனுக்கு நான் இன்றும் நன்றி சொல்கிறேன்!

லில்லி வருவதற்குமுன் பகல் முழுக்க ஒரு வார்த்தை பேசாமல் குச்சு கட்டிய நாட்கள் உண்டு. அவள் வந்தபிறகு என் வாய் ஓயவில்லை. தக்காளி விலை ஏறியதைக்கூட அவளிடம்தான் முறையிட்டேன். அவளும் நியாயம் கேட்பவள்போலத் தலையைச் சாய்த்துக் கேட்பாள். அப்படிப்பட்டவளையா வாடகைக்கு விட்டாய் என்கிறீர்களா? ஆம், விட்டேன்.

யோசனை என்னுடையதல்ல. லில்லியின் படங்களை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவேன். தெருக்கோடியில் குடியிருந்த வங்கி அதிகாரியின் மனைவி அதைப் பார்த்துவிட்டு, பிள்ளைகள் நாய் நாய் என்று உயிரை எடுக்கிறார்கள், சனி ஞாயிறு மட்டும் வாடகைக்குத் தருவீர்களா என்று கேட்டார். எனக்கு அது தப்பாகவே படவில்லை. ஏன் தெரியுமா? எங்கள் ஊர்ப் பழக்கம் அப்படி. இங்கே தறியில் இருக்கும் பட்டு நெய்கிறவருக்குச் சொந்தமில்லை. முதலாளி பாவு நூலும் ஜரிகையும் கொடுப்பார். கைகழுவித் தொட்டு, கண்ணும் கருத்துமாக நெய்து, அறுத்து அவரிடமே கொடுத்துவிட வேண்டும். என் மடியில் கிடக்கும் சேலையும் யாருடையதோதான். அடுத்தவர் பொருளைக் கொஞ்ச நாள் அருமையாக வைத்திருந்து திருப்பித் தருவது எங்களுக்குச் சகஜம். நாயும் அப்படித்தானே என்று நினைத்துவிட்டேன்... பட்டு எந்த வீட்டுக்குப் போனாலும் வாசலைப் பார்த்து அழாது என்பது என் மரமண்டைக்கு அப்போது ஏறவில்லை!

முதல் முறை அவமானமாய் முடிந்தது. போன வீட்டில் லில்லி கேட்டருகிலேயே படுத்து முனகியிருக்கிறாள், பிள்ளைகள் பக்கம் திரும்பவே இல்லை. உங்கள் நாய் ஒட்டவே மாட்டேன் என்கிறது என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு கொண்டுவந்து விட்டார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு கல்யாணச் சேலைக்கு அவசரமாகக் குச்சு கட்டிய பரபரப்பில் அவளுக்குச் சோறு வைக்க மறந்துபோனேன். மாலையில் கண்ணமங்கலம் ரோட்டிலிருந்து வேறொரு குடும்பம் வந்தது. அவர்கள் நீட்டிய பிஸ்கட்டைத் தின்ற லில்லி, என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அவர்கள் பின்னால் ஓடினாள். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் உருகிப்போய் வந்தார்கள். காலடியைவிட்டு நகரவே இல்லையாம், அப்படி ஒரு பாசமாம்! நல்ல மனசுக்காரர்களை அதற்குத் தெரியும் என்று நானும் கூசாமல் சொன்னேன். அவர்கள் முகம் எப்படி மலர்ந்தது தெரியுமா!

எனக்குச் சூட்சுமம் புரிந்துவிட்டது. புரிந்ததும் வெட்கப்பட்டிருக்க வேண்டும் அல்லவா? நானோ அதைத் தொழில் ஆக்கிக்கொண்டேன். அதன்பிறகு யாராவது அழைத்துப் போகும் வெள்ளிக்கிழமைகளில் லில்லியின் தட்டு கவிழ்ந்தே கிடந்தது. அவள் மூக்கால் அதைத் தள்ளித் தள்ளி என் காலருகே கொண்டுவருவாள். நான் குச்சு முடிச்சில் கவனமாக இருப்பதுபோல் குனிந்துகொள்வேன். மக்கள் பாசம் என்று வாங்கிப்போனது அவளுடைய பசியை. விற்றவள் நான்.

இனி தேவகியைப் பற்றிச் சொல்ல வேண்டும்... இங்கேதான் கை தயங்குகிறது.

தேவகி பக்கத்துச் சேவூர்க்காரி. கணவனும் மனைவியுமாக வீட்டில் தறி போட்டிருக்கிறார்கள். நாய் என்றால் அவளுக்கு உயிர், ஆனால் வளர்க்க வழியில்லை. ஒரு முடி பட்டில் சிக்கினாலும் முதலாளி சேலையைத் தள்ளிவிடுவார். ஆகவே சேலையை அறுத்துக் கொடுத்துவிட்டு அடுத்த பாவு வரும்வரை தறி சும்மா கிடக்கிற நாட்களில் மட்டும் லில்லியைக் கேட்பாள். வெள்ளிக்கிழமை மாலை வந்து அழைத்துப் போவாள். ஊரே தறி காலியாகக் கூடாதே என்று கவலைப்படும். இவள் ஒருத்திதான் எப்போது காலியாகும் என்று காத்திருப்பாள்! கணவன் அதைச் சொல்லியே அவளைக் கிண்டல் செய்வானாம். பகுதிநேரப் பாசம் என்று நீங்கள் சிரிக்கலாம். நானும் சிரித்தவள்தான். முழுநேரம் வைத்திருந்த நான் என்ன கிழித்தேன் என்பதை மேலே படித்துவிட்டீர்கள்.

ஒருமுறை அப்படி வந்தவள் கவிழ்ந்து கிடந்த தட்டைப் பார்த்துவிட்டாள். "ஏங்க்கா, தட்டு கவுந்து கெடக்குது? சாப்புடலியா இது?" என்று கேட்டாள்.

மாட்டிக்கொண்டேன் என்றுதான் நினைத்தேன். அப்புறம் என் நாக்கு, அந்தப் பாழும் நாக்கு, முந்திக்கொண்டது. "வெள்ளிக்கெழம இல்ல? எங்கூட்டு லில்லிக்கும் ஒருசந்திம்மா" என்றேன்.

ஒருசந்தி என்பது எங்கள் கத்தோலிக்க வீடுகளில் ஒருவேளை மட்டும் உண்டு இருக்கும் நோன்பு. கேலியாகத்தான் சொன்னேன், சத்தியமாக! தேவகி சிரிக்கவில்லை. அவளும் அம்மனுக்கு வெள்ளிக்கிழமை விரதம் இருக்கிறவள். குனிந்து லில்லியின் தலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவள் போனபின் நான் தனியாகச் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்குத்தான் இவ்வளவும்.

அடுத்தமுறை தேவகி லில்லியைக் கேட்டது கத்திரி வெயிலில். அதற்கு முந்தின வாரம் அழைத்துப்போன ஒரு வீட்டார், லில்லி அவ்வளவாகக் கொஞ்சவில்லை என்று குறைபட்டிருந்தார்கள். அதனால் இந்தமுறை வியாழக்கிழமை இரவிலிருந்தே நான் தட்டைக் கவிழ்த்துவிட்டேன். எப்படியும் தேவகி வீட்டுக்குப் போனால் மாலையில் வயிறு நிறையத் தின்பாள் என்று என் கணக்கு.

தேவகியோ அன்றைய ஒருவேளைச் சோறு என் வீட்டிலேயே ஆகியிருக்கும் என்று எண்ணி, லில்லியின் நோன்பைக் கெடுக்கக் கூடாது என்று தண்ணீர் மட்டும் வைத்திருக்கிறாள்! ஒரு நாய்க்கு இருக்கும் பக்தி நமக்கு வேண்டாமா என்று கணவனிடம் வேறு சொல்லியிருக்கிறாள். மறுநாள் விடிந்ததும் தலைக்குக் குளித்து, விளக்கேற்றி, இரண்டு பேருக்கும் சேர்த்து விரதம் முடிக்க இட்லியும் கையுமாக வந்து பார்த்தால், லில்லி தறிக்குப் பக்கத்தில் சுருண்டு கிடந்தாள். மூலையில் ஒதுக்கியிருந்த கழிவு நூல் பொட்டலம் பிரிந்து கிடந்தது. பாவு விறைக்கப் போட்ட கஞ்சியின் வாசனை அந்த நூலில் இருந்திருக்கிறது. அதைச் சோறு என்று நினைத்து விழுங்கியிருக்கிறாள் என் லில்லி!

தேவகி போன் செய்ததும் நானும் ஓடினேன். கால்நடை மருத்துவர் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டுக் கடைசியாக எப்போது சாப்பிட்டது என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் தேவகி முந்திக்கொண்டாள்.

"நான்தான் சார் போடல. வெள்ளிக்கெழம அதுக்கு ஒருசந்தின்னு அக்கா சொல்லிகினு இருந்தாங்க. நான் தண்ணி மட்டும் வெச்சிட்டு உட்டுட்டேன்."

மருத்துவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அதுதான் எனக்குக் கிடைத்த வாய்ப்பு. வியாழக்கிழமையிலிருந்தே சோறு போடாதவள் நான் என்று ஒரு வாக்கியம்... ஒரே ஒரு வாக்கியம் போதும். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"வெளையாட்டுக்குச் சொன்னதும்மா அது. நெஜம்னு எடுத்துகினியா நீ?"

மருத்துவர் தலையில் அடித்துக்கொண்டார். தேவகி அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் முகம் சுருங்கிப்போனதை நான் பார்த்தேன்.

வேலூருக்கு எடுத்துப்போய் வயிற்றைத் திறக்க வேண்டும் என்றார் மருத்துவர். ஆட்டோவில் வழி முழுக்க லில்லியை மடியில் வைத்துக்கொண்டு வந்தவள் தேவகி. கண்ணமங்கலம் தாண்டும்வரை, "எங்கூட்டு நூலுதான் உன் வவுத்துல கெடக்குது... எங்கூட்டு நூலுதான்..." என்று அதன் காதில் சொல்லிக்கொண்டே வந்தாள். ஒவ்வொரு முறையும் என் வாய்வரை வந்தது. ஒவ்வொரு முறையும் விழுங்கினேன். எவ்வளவு விழுங்கினாலும் என் வயிற்றை யாரும் திறந்து பார்க்கப் போவதில்லை!

லில்லி பிழைத்துவிட்டாள். கடவுளுக்கு நன்றி, வேலூரில் கத்தியைப் பிடித்த பெண் மருத்துவரின் கைகளுக்கு நன்றி, சரியான வேகத்தில் வண்டி ஓட்டிய ஆட்டோக்காரருக்கு நன்றி. அவள் மயக்கம் தெளிந்து கண்ணைத் திறந்தபோது முதலில் தேடியது என்னைத்தான். தையல் போட்ட வயிற்றோடு என் கையை நக்கினாள். தட்டைக் கவிழ்த்த கை! அதை நக்கினாள்! அந்த இடத்திலேயே நான் செத்திருக்கலாம். சாகவில்லை, அவளுக்குத் தண்ணீர் கொடுத்தேன்.

அன்றோடு வாடகைக்கு விடுவதை நிறுத்திவிட்டேன். கொஞ்ச நாள் மட்டும் நேசிக்க முடிந்தவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. அவர்களுக்கு அவ்வளவுதான் இடம் இருந்தது, அதற்குள் ஆசையாகத்தான் பார்த்துக்கொண்டார்கள். வேறொருத்தி பட்டினி போடாமல் நேர்மையாக நாயை வாடகைக்கு விட்டால் சரியா என்று நீங்கள் கேட்கலாம். எனக்குத் தெரியவில்லை. அதற்கு விடை சொல்லும் யோக்கியதை எனக்கில்லை.

உண்மையைச் சொல்லியே தீர்வது என்று ஒருநாள் சேவூருக்கு டவுன் பஸ் ஏறினேன். தேவகி கடைக்குப் போயிருந்தாள். கணவன் தறியிலிருந்து எழுந்து வந்து உட்காரச் சொன்னான். "அவ இப்பல்லாம் வெள்ளிக்கெழம வெரதமே இருக்கறதில்லைங்க. வாயில்லாத சீவன பட்டினி போட்டுட்டேன், எனக்கெதுக்கு வெரதம்னு கேக்கறா" என்றான். நான் அவன் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

எங்கள் மாதா கோவிலில் சாமியாரிடம் பாவங்களை ஒப்புக்கொள்ளும் பாவசங்கீர்த்தனம் செய்தேன். பொய் சொன்னேன் சாமி என்றேன். என்ன பொய், யாரிடம் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மன்னிப்பு கிடைத்தது. கொடுத்தவர் ஆள் மாறிக் கொடுத்துவிட்டாரோ என்று தோன்றியது.

இப்போது எப்படி நடக்கிறது என்று கேளுங்கள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும், தறி ஓடினாலும் ஓடாவிட்டாலும், தேவகி தூக்குவாளியோடு என் வீட்டுக்கு வருகிறாள். வெள்ளிக்கிழமைகளில் வீட்டில் முட்டை உடைக்காதவள், லில்லிக்காக முட்டை போட்டுச் சோறு பிசைந்து கொண்டுவருகிறாள். அப்படியே என் பக்கத்தில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுகிறாள், குச்சுக்கு நூல் பிரித்துத் தருகிறாள். என் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்கும் நாள் அது. அவளுக்கு நான் எவ்வளவு கடமைப்பட்டிருக்கிறேன் என்று சொல்ல வார்த்தையில்லை. உண்மையைச் சொன்னால் அவள் வருவாளா? வரமாட்டாள் என்ற பயத்தில்தான் சொல்லவில்லை. லில்லியின் பசியை முன்பு விற்றேன். இப்போது தேவகியின் குற்ற உணர்ச்சியில் குளிர்காய்கிறேன். என்ன பிறவி நான்!

போன வெள்ளிக்கிழமை காலையில் லில்லியின் தட்டு நிறையச் சோறும் கறியும் வைத்தேன். வழக்கம்போல் அவள் தொடவில்லை. வாரம் முழுக்க என் கையால் சாப்பிடுகிறவள், வெள்ளிக்கிழமை மட்டும் மோந்து பார்த்துவிட்டு, வாசலைப் பார்த்தபடி படுத்துக்கொள்கிறாள். வெள்ளிக்கிழமை என்றால் இந்த வீட்டில் சோறு இல்லை என்று அவளுக்குக் கற்றுக்கொடுத்தது நான்தானே... மாலையில் தேவகி வந்து வாளியைத் திறந்ததும் ஓடிப்போய் ஆவலாய்த் தின்றாள். தேவகி அவள் வயிற்றுத் தழும்பைத் தடவிக்கொண்டே என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"அக்கா, இது என்னை மன்னிச்சிடுச்சி இல்ல?"

"ஆமாம்மா" என்றேன்.

அவள் போனபிறகு, காலையில் நான் வைத்த தட்டை எடுத்தேன். சோறு காய்ந்திருந்தது. லில்லி என்னையே பார்த்துக்கொண்டு வாலை ஆட்டினாள்.