உள்ளங்கைச் சூடு

நோயாளி சட்டைப் பொத்தானைக் கழற்றுவதற்குள், டாக்டர் ஸ்டெதஸ்கோப்பின் வட்டத்தை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டுவிடுவார். அது சூடேறும் வரை ஒரே விசாரிப்புதான்: "வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" பதில் முடிந்த பிறகுதான் வட்டம் நெஞ்சுக்குப் போகும். நாற்பத்தொரு வருடமாக, கொளுத்தும் கோடையிலும் இதே வழக்கம்.

இந்த வெளிநாட்டுக்கு வந்த புதிதில் தொற்றிக்கொண்ட வழக்கம் அது. புத்தகத்தில் படித்துவிட்டு வந்த பாஷைக்கும் இந்த நாட்டுக்காரர்கள் வாயில் புரண்ட பாஷைக்கும் ஏணி வைத்தாலும் எட்டவில்லை. முதல் நோயாளி ஒரு லாரி டிரைவர். வட்டம் பட்டதும் துள்ளி எழுந்து ஏதோ கத்தினார். நெஞ்சுவலி என்று பதறிப்போன டாக்டர், ஆளைப் படுக்கவைத்து ஈ.சி.ஜி. எடுத்து, ஊசிக்கும் ஏற்பாடு செய்துவிட்டார். அங்கிருந்த நர்ஸ் இரண்டு கைகளையும் மார்போடு கட்டிக்கொண்டு வெடவெடவென்று நடுங்கிக் காட்டிய பிறகுதான், வலி இல்லை, வட்டத்தின் சில்லிப்பு என்று புரிந்தது.

"அவங்க வாய் பேசினது எனக்குப் புரியல. நெஞ்சு பேசினது மட்டும் புரிஞ்சுது. அதை வச்சுத்தான் இங்க பொழைச்சேன்" என்பார். சொல்லும்போது இன்றைக்கும் குரல் கொஞ்சம் இறங்கும். அந்த நர்ஸையும், அந்த முதல் குளிர்காலத்து வாடகை அறையையும் நினைத்துக்கொள்கிறார் என்று மனைவிக்குத் தெரியும்.

ஆசை அறுபது நாள் என்பார்கள். இவருடைய ஆசை ஒவ்வொன்றும் குறைந்தது இரண்டு வருடம் ஓடும். புகைப்படப் பைத்தியம் பிடித்த காலத்தில் குளியலறை படம் கழுவும் இருட்டறையானது. வீட்டார் சமையலறையில் பல் தேய்த்தார்கள். அப்புறம் அக்கார்டியன் வாசிப்பு. பக்கத்து வீட்டுக்காரர் கும்பிடாத குறையாகக் கேட்டுக்கொண்டதால் அது பரணுக்குப் போனது. அப்புறம் தச்சு. அவர் செய்த நாற்காலிக்கு மூன்று கால்தான் தரையைத் தொடும். "நாலாவதும் ஒரு நாள் இறங்கி வரும்" என்று அதற்கும் நம்பிக்கை சொன்னார்.

"உங்களுக்கு ஒரு இதயம் பத்தாது. பைத்தியத்துக்கு ஒண்ணா அரை டஜனாவது வேணும்" என்பார் மனைவி.

கடைசியாக நிலைத்தது பழைய கடிகாரங்கள். பின்னறையில் பதினொன்று இருக்கின்றன. எதுவும் எதோடும் ஒத்துப்போகாது. மணி கேட்டால் மனைவி கைபேசியைப் பார்த்துச் சொல்வார்.

போன ஞாயிற்றுக்கிழமை, வினாடி முள் இல்லாத மேசைக் கடிகாரம் ஒன்றைக் காதில் வைத்துப் பார்த்தார். சத்தமே இல்லை. நின்றுவிட்டது என்று நான்கு திருகாணிகளையும் கழற்றி முதுகைத் திறந்தார். உள்ளே சின்னச் சக்கரம் ஜோராக ஆடிக்கொண்டிருந்தது.

"நல்லா ஓடிட்டிருக்கிறதை எதுக்குப் பிரிக்கிறீங்க? சமையல்கட்டு வரைக்கும் கேக்குதே" என்றார் மனைவி.

"எண்ணெய் போடலாம்னு" என்றார் டாக்டர்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு ரொட்டிக்கடை அம்மாள் வந்தார். அவருடைய வால்வில் ஒரு சின்னக் கசிவு. அதன் மெல்லிய இரைச்சல் டாக்டருக்கு இருபது வருடப் பழக்கம். வட்டத்தை வைத்தார். லப்டப் மட்டும் எங்கோ தூரத்தில் கேட்டது. இரைச்சலைக் காணோம். ஆனால் வாய் தன் பாட்டுக்கு, "அப்படியேதாம்மா இருக்கு, பயப்பட ஒண்ணுமில்லை" என்று சொல்லிவிட்டது.

அந்த அம்மாள் கதவைத் திறக்கும்போதுதான் டாக்டருக்குத் தான் சொன்னது உறைத்தது. கேட்காததைக் கேட்டதாகச் சொல்லியிருக்கிறார். உடனே திரும்பக் கூப்பிட்டு ஸ்கேனுக்கு அனுப்பினார். நல்லவேளை, கசிவு கூடவில்லை, பழைய அளவிலேயே இருந்தது.

"இதுக்குப் போய் வேலையை விடுவாங்களா? காதுக்கு மெஷின் இருக்கு, நெஞ்சுக்கும் மெஷின் இருக்கு. இன்னும் அஞ்சு வருஷம் ஓட்டலாம் சார்" என்றார் கூட வேலை பார்க்கும் டாக்டர்.

"மெஷின் பொய் சொல்லாது. என் வாய் பழகிடுச்சே" என்று சொல்லிவிட்டு ராஜினாமாக் கடிதத்தை நீட்டினார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து மெதுவாகப் பேச்சை எடுத்தார். மனைவி கீரையை ஆய்ந்துகொண்டே, "எனக்கு எப்பவோ தெரியும். ரெண்டு வருஷமா இந்த வீட்ல கத்திக் கத்திப் பேசுறது யாரு?" என்றார். இதையும் இரைந்துதான் சொன்னார்.

டாக்டர் பையிலிருந்து ஸ்டெதஸ்கோப்பை எடுத்து மனைவியின் காதுகளில் மாட்டினார்.

"எனக்கு என்னங்க தெரியும் இதெல்லாம்?"

"சும்மா கேளு. இத்தனை வருஷம் நான் எதைக் கேட்டேன்னு நீயும் ஒரு தடவை கேட்டுப் பாரு."

பொத்தானைக் கழற்றி, வட்டத்தைத் தன் நெஞ்சுக்குக் கொண்டுபோன கை பாதியில் நின்றது. உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டார். மனைவியின் முகத்தைப் பார்த்து, "வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டு, அது சூடேறக் காத்திருந்தார்.