முன்தொட்டித் தண்ணீர்

அம்மாவை ஆவூரில் அடக்கம் செய்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அப்போதுதான் கோட்டைப்பட்டினத்தில் நின்ற ஒரு பழைய மோட்டார் லாஞ்சைப் பார்க்க என்னை அனுப்பினார்கள். சண்டைக் காலம். இரும்பு வேலை தெரிந்த ஆண்களெல்லாம் பட்டாளத்துக்கோ தொழிற்சாலைக்கோ போய்விட்டார்கள். திருச்சியில் பிட்டர் பயிற்சிக்குப் பெண்களையும் சேர்த்துக்கொண்டதால் நான் படித்தேன். படித்தவளைத் தவிர வேறு ஆள் கிடைக்காததால் என்னைக் கூப்பிட்டார்கள்.

லாஞ்சு ஒரு வெள்ளைக்காரர் உல்லாசமாகச் சுற்றுவதற்கென்று கட்டிக்கொண்டது. பிறகு அரிமளத்து வியாபாரி ஒருவர் வாங்கினார். அதில் நல்ல தண்ணீருக்கு இரண்டு தொட்டிகள். பின்தொட்டி ஆட்களுக்கு, அதைக் கோட்டைப்பட்டினத்து மணல் கிணற்றில் நிரப்புவார்கள். முன்தொட்டி முதலாளியின் தாயாருக்கு மட்டும். எல்லாரும் ஆச்சி என்பார்கள். ஆச்சி தன் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் தவிர வேறெதையும் குடிக்கமாட்டார். அரிமளத்திலிருந்து பித்தளைக் குடங்களில் வண்டி கட்டிக் கொண்டுவந்து, துணியில் வடிகட்டி முன்தொட்டியில் ஊற்றுவார்கள். முன்னறையில் இருக்கும் கைப்பம்பை அடித்தால் அந்தத் தண்ணீர் வரும்.

அந்தத் தண்ணீர்தான் இப்போது உப்புக் கரித்தது. அமாவாசைக்கு ஆச்சி தேவிபட்டினம் போய்க் கணவருக்குத் திதி கொடுக்க வேண்டும். அதற்குள் சரிசெய்ய வேண்டும் என்றார் முதலாளி.

எந்தப் பழுதையும் நான் வரிசையாகத்தான் பார்ப்பேன். ஊற்றும் வாயின் மூடி. காற்றுக் குழல். தொட்டி. குழாய். பம்பு. இடையில் ஒரு சிரமம் இருந்தது. அம்மா போனதிலிருந்து என் நாக்கு எதையும் பிரித்துச் சொல்லவில்லை. சோற்றில் உப்புப் போட்டேனா இல்லையா என்று அப்பாதான் சொல்லவேண்டியிருந்தது. வருத்தமென்று சொல்லமுடியாது; வெறுமனே ஒன்றும் தெரியவில்லை. அதனால் ஒவ்வொரு இடத்துத் தண்ணீரையும் லாஞ்சு டிரைவரைக் குடித்துப் பார்க்கச் சொன்னேன்.

அவருக்கு நாற்பதைத் தாண்டியிருக்கும். பதினைந்து வயதிலிருந்து இஞ்சினோடு கிடந்தவர்.

"என்ன பிட்டரம்மா, வேல ஒங்களுது, உப்புத்தண்ணி குடிக்கிறது நானா?"

"குடிங்கண்ணே."

"மூடி வழியா அலைத்தண்ணி எறங்குது. வேற ஒண்ணுமில்ல. நான் அப்பவே சொன்னேன்."

மூடிக்குப் புதுத் தோல் வெட்டிப் போட்டேன். மறுநாளும் கரித்தது. காற்றுக் குழலை உயர்த்திக் கட்டினேன். அப்போதும் அப்படியே.

"பம்பு தோலு போயிருக்கும்," என்றார்.

"பம்பு தோல் போனா தண்ணி வராதுண்ணே. உப்பு எப்படி வரும்?"

"படிச்சவங்ககிட்ட பேச முடியுமா?" என்று சொல்லிவிட்டு அங்கிட்டுப் போய்விட்டார்.

ஆச்சியின் வெள்ளைப் புடவைகளுக்குப் போடும் சலவை நீலம் ஒரு பொட்டலம் அறையில் இருந்தது. அதைக் கரைத்து முன்தொட்டியில் ஊற்றினேன். பிறகு பம்பை அடித்தேன். கை ஓயும்வரை அடித்தேன். வந்த தண்ணீரில் நிறமே இல்லை. தரைப்பலகையைத் தூக்கிப் பார்த்தபோது, கசிவுத் தண்ணீர் தேங்கும் அடிப்பள்ளம் நீலமாக இருந்தது. மறுபடி பம்புக்குப் போனேன். இப்போது தண்ணீர் லேசான நீலத்தில் வந்தது.

அதாவது முன்தொட்டியில் தண்ணீர் நிற்கவில்லை. ஊற்றியது அடியில் இறங்கிவிட்டது. பம்பு இழுப்பது தொட்டியிலிருந்து அல்ல, அடிப்பள்ளத்திலிருந்து. பள்ளத்துக்குள் தோள் வரை கையை விட்டுத் தடவினேன். பம்பிலிருந்து வந்த செப்புக் குழாய் முன்பக்கம் போகவில்லை. பின்பக்கம் போனது. பின்தொட்டிக்கு. நடுவில் ஒரு இணைப்பில் தார்த்துணி சுற்றியிருந்தது. அது பிளந்து கடல் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தது.

நிமிர்ந்தபோது டிரைவர் வாசலில் நின்றார். என் கை முழங்கைக்கு மேலும் நீலமாக இருந்தது.

"யாருக்கும் தெரியாது பிட்டரம்மா," என்றார். "தொட்டி அப்பளமாப் போச்சு. தகடு வாங்கிக் குடுங்கன்னேன். மொதலாளி பாக்கலாம்னாரு. அப்பறம் சண்டை வந்துருச்சு, தகடு ஏது? ஆச்சி வந்து ஒக்காந்துட்டாங்க, தண்ணி இல்லன்னா சொல்ல முடியும்? நான்தான் கொழாயப் பின்தொட்டிக்குத் திருப்பிவிட்டேன்."

"அப்ப ஊத்துற தண்ணி?"

"அது பாட்டுக்குக் கடலுக்குப் போவுது."

"ஆச்சி குடிச்சது பூரா நீங்க குடிக்கிற தண்ணியா?"

"என்னை எறக்கிவிட்டா ஏறுறதுக்கு வேற லாஞ்சு இல்ல தங்கச்சி," என்றார். அதுவரை அவர் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை.

குழாயைக் கழற்றி இரண்டு பக்கமும் மரக்கட்டை அடித்து அடைத்தேன். முதலாளியிடம் போய், முன்தொட்டி துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டது, இனி அதில் தண்ணீர் நிற்காது, ஆச்சிக்குக் குடங்களை அறையிலேயே வைத்துவிடலாம் என்றேன். சொன்னதில் பொய் இல்லை. அவரும் மேற்கொண்டு கேட்கவில்லை. வழியில் பம்போ குழாயோ தகராறு செய்தால் பார்க்க என்னையும் ஏறிக்கொள்ளச் சொன்னார்.

கரை மறைந்ததும், முன்னறையில் மகனோடு உட்கார்ந்திருந்த ஆச்சி குடத்திலிருந்து ஒரு செம்பு மொண்டு குடித்தார். செம்பைக் கீழே வைக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"இது நம்ம வீட்டுத் தண்ணிதான்."

"ஆமாங்க ஆச்சி," என்றேன்.

"முந்தியெல்லாம் லாஞ்சுல குடிச்சது இது இல்ல. அது இனிப்பா இருக்கும். தொட்டியில கெடந்து ருசி மாறுதுன்னு நெனச்சுக்கிட்டேன்." என்னைப் பார்த்தார். "ஏத்தா, தொட்டி எப்ப ஓட்டையாச்சு?"

"ரொம்ப நாளா இருக்கும்."

"போன மாசியில நான் வந்தப்ப?"

நான் குனிந்து குடத்தை மூடினேன். அந்த அம்மாளுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. டிரைவரைக் கூப்பிடச் சொன்னார். இஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, எண்ணெய்த் துணியோடு வந்து வாசலுக்கு வெளியே நின்றார் அவர். மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னார்.

"அரிமளத்துலேர்ந்து மாட்ட வெரட்டிக்கிட்டுக் கொண்டாந்த தண்ணி?" என்றார் ஆச்சி.

"கடல்ல சேந்துருச்சு ஆச்சி."

"கடலுக்குத் தண்ணி பத்தலையாக்கும்."

யாரும் சிரிக்கவில்லை. ஆச்சி மகனைப் பார்த்து, குரலை உயர்த்தாமல், "இவன் வேணாம். தேவிபட்டினத்துல எறக்கிவிட்டுரு," என்றார்.

முதலாளி என் பக்கம் திரும்பினார். "ஒனக்கு இஞ்சின் ஓட்டத் தெரியும்ல?"

பயிற்சியில் இரண்டு வகை இஞ்சின்களைக் கழற்றி மாட்டியிருக்கிறேன். இந்த இஞ்சினை டிரைவர் கிளப்புவதையும் நிறுத்துவதையும் வந்த நாளிலிருந்து பார்த்திருக்கிறேன். என்னால் ஓட்ட முடியும். சம்பளமும் நான் அதுவரை வாங்காத சம்பளமாக இருந்திருக்கும். டிரைவர் என்னைப் பார்க்கவில்லை. துணியால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தார். அவருக்காக இரக்கப்பட்டேன் என்று எழுத எனக்குத் தோன்றவில்லை. அந்தக் காலத்தில் யாருக்காகவும் எதுவும் படும் நிலையில் நான் இல்லை. அந்த இடம் அவருடையது என்பது மட்டும், ஒரு திருகு எந்த மரையில் சேரும் என்று தெரிவதுபோலத் தெரிந்தது.

"தெரியாதுங்க ஐயா," என்றேன். "எனக்குக் குழாய் வேலை மட்டுந்தான்."

முதலாளி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "வேற ஆளுக்கு எங்கிட்டுப் போறது ஆத்தா? சண்டை முடியட்டும், பாக்கலாம்."

"பாக்கலாம் பாக்கலாம்னுதான் தொட்டியவும் விட்ட," என்று சொல்லிவிட்டு ஆச்சி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். போகச் சொல்லவுமில்லை, இருக்கச் சொல்லவுமில்லை.

டிரைவர் ஒரு நிமிடம் காத்திருந்தார். பிறகு கீழே இறங்கினார். சற்று நேரத்தில் இஞ்சின் சத்தம் கூடியது. பாதித் தூரம் இன்னும் பாக்கி இருந்தது.