ஆறடி ஆட்டக்காரனும் ஒரு ஸ்டூலும்

அல்சூரில் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறேன். எதிர் மைதானத்தில் கூடைப்பந்து ஆட்டம் இப்போதுதான் முடிந்திருக்கிறது. டீக்கடையின் ஒரே ஸ்டூலில் நான் உட்கார்ந்திருக்கிறேன். என்னைச் சுற்றித் தோற்றுப்போன உள்ளூர் அணியின் ரசிகர்கள்.

பேச்செல்லாம் பிரான்சிஸைப் பற்றித்தான். ஆறடி மூன்று அங்குலம். பெரிய ஆட்டக்காரன் என்று போன மாதம் மதராஸிலிருந்து கூட்டி வந்தார்களாம். மூன்று ஆட்டம் ஆகியும் அவன் எறிந்த ஒரு பந்துகூடக் கூடையில் விழவில்லை.

“மாலை போட எட்டாதுன்னு இதே ஸ்டூலை கன்டோன்மென்ட் ஸ்டேஷனுக்குத் தூக்கிட்டுப் போனோம் சார்,” என்கிறார் சைக்கிள் கடை மாணிக்கம். “இன்னிக்கு அவனுக்குப் பதிலா ஸ்டூலையே ஆட விட்டிருக்கலாம்.”

“புது ஊரு, புதுத் தரை. பழக வேணாமா?” என்கிறார் குமாஸ்தா தாமஸ்.

“பந்துமா புதுசு?”

எல்லோரும் சிரிக்கிறார்கள். அந்தத் தைரியத்தில் நானும், “வேறு ஆளைப் பார்க்கலாமே,” என்கிறேன். சிரிப்பு சட்டென்று நின்றுவிடுகிறது.

அந்த நேரம் பார்த்து பிரான்சிஸே தலையைக் குனிந்துகொண்டு கடைக்குள் வருகிறான். முகம் வாடியிருக்கிறது. மாணிக்கம் என் தோளைத் தட்டுகிறார்.

“சார், கொஞ்சம் எந்திரிங்க. நம்ம பையன் உக்காரட்டும்.”