கேபிளைக் கழற்றிய பிறகு

அலுவலகத்தில் அவளுக்குப் பொறுமை என்று பெயர். வைத்தவர்கள் குறும்புக்காரர்கள். பொறுமைக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம். லிஃப்ட் வர அரை நிமிடம் ஆனால் பொத்தானை நாலு குத்துக் குத்துவாள். காப்பி ஆறும்வரை காத்திருக்கத் தெரியாமல் தினமும் நாக்கைச் சுட்டுக்கொள்வாள். ஆனால் கடுகளவு சில்லு ஒன்று என்ன சொல்கிறது என்று கேட்க உட்கார்ந்துவிட்டால், மதியச் சாப்பாடு டப்பாவிலேயே கிடக்கும். ஆறு மணி நேரம் நாற்காலியை விட்டு அசைய மாட்டாள்.

அவள் வேலை டிரைவர் எழுதுவது. வயதானவர்கள் மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் ஒரு பட்டையை அந்த நிறுவனம் செய்கிறது. கட்டியவர் விழுந்தால் வீட்டாரின் போனில் மணி அடிக்க வேண்டும், அவ்வளவுதான். பட்டைக்குள் ஐந்து சென்சார்கள்: ஒன்றுக்கு அசைவு தெரியும், ஒன்றுக்குத் திரும்புவது, ஒன்றுக்குக் காற்றின் அழுத்தம், ஒன்றுக்கு நாடி, ஒன்றுக்கு வெளிச்சம். ஐந்தும் பட்டையின் பெரிய சில்லோடு நேரே பேசுவதில்லை. பெரியது பேட்டரியை மடக் மடக்கென்று குடிக்கிற ஆசாமி, அதனால் அதைத் தூங்க வைத்திருப்பார்கள். நடுவில் ஹப் என்று ஒரு சின்னச் சில்லு விழித்திருந்து, ஐந்து பேர் சொல்வதையும் கேட்டு, விஷயம் பெரிதென்றால் பெரியதை எழுப்பும். அந்த ஐந்து பேரையும் முட்டிக்கொள்ளாமல் ஒரே வாசல் வழியாகப் பேச வைக்கும் நிரல்தான் டிரைவர். ஒழுங்காக இருக்கும்வரை அப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் அசைவு சென்சாரை மேசைமேல் சும்மா வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தாள். சும்மா கிடக்கிற பொருள் பூஜ்யம்தானே காட்ட வேண்டும்? ஒன்பது புள்ளி எட்டு காட்டியது, அதுவும் மேல்நோக்கி. மட்டமான சரக்கு என்று விற்றவருக்கு ஒரு கடிதமே எழுதிவிட்டாள். அனுப்பும் முன் ஏதோ எரிச்சலில் அதை நாற்காலி மெத்தைமேல் தூக்கிப் போட்டாள். விழும்போதுதான் பூஜ்யம் வந்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இதற்குப் பூமி இழுப்பது தெரியவில்லை, மேசை தாங்குவதுதான் தெரிகிறது. தாங்க ஒன்றும் இல்லாத கணத்தில்தான் பூஜ்யம். அன்று அதை நாற்பது தடவை மெத்தையில் போட்டுப் பார்த்தாள். அரிசிமணிகூட இல்லாத ஒன்றுக்கு இவ்வளவு பெரிய சங்கதி தெரிந்திருக்கிறதே என்று மெய்சிலிர்த்துப் போனாள். கடிதத்தைக் கிழித்தாள். பன்னிரண்டு வருடம் ஆகியும் அந்தச் சிலிர்ப்பு அவளைவிட்டுப் போகவில்லை.

வீட்டில் அவளும் கணவனும் மாமனாரும். மாமனார் லிஃப்ட் மெக்கானிக்காக நாற்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மூன்றாம் மாடியில் குடியிருந்துகொண்டு லிஃப்ட்டில் ஏற மாட்டார். "வேற ஒருத்தன் எண்ணெய் போட்ட கயித்த நம்பி நான் தொங்கணுமா?" என்பார். எழுபத்தொரு வயதில் படியேறி இறங்குவார். அலுவலகத்தில் பட்டையின் புதிய பதிப்பு வரும்போதெல்லாம் முதல் ஆளாக அவர் கையில்தான் கட்டுவாள். அவரும் கீழே காவலாளியிலிருந்து கடைக்காரர் வரைக்கும் கையை நீட்டி, "எங்க வீட்டுப் பொண்ணு எழுதினது" என்று காட்டிக்கொண்டு திரிவார்.

அந்தத் திங்கட்கிழமை புதிய பதிப்பு வந்தது. பேட்டரியை மிச்சம் பிடிக்க ஒரு மாற்றம்: பட்டையின் திரை அணைந்ததும் வெளிச்ச சென்சாருக்கும் ஓய்வு. இருண்ட திரைக்கு வெளிச்சம் அளப்பது எதற்கு, நியாயம்தானே. பேட்டரி அளக்க ஒரே ஒரு பட்டையைக் கேபிள் இல்லாமல் அலமாரியில் வைத்தார்கள்; இரண்டு நாள் ஓடிய பேட்டரி ஐந்து நாள் ஓடும் என்று கணக்கு காட்டியது. அலுவலகமே துள்ளிக் குதித்தது. மேலாளருக்குத் தேதி என்று பட்டப்பெயர், வாயைத் திறந்தால் தேதிதான் வரும். அவர் எல்லோர் முன்னாலும் அவளுக்குக் கை தட்டினார். "வெள்ளிக்கிழமை அறுநூறு வீட்டுக்குப் போகுது. தேதி மாறாது."

செவ்வாய்க்கிழமை மாமனார் குறைப்பட்டார். "ஏம்மா, நாலு தடவை மாடி ஏறி இறங்கினேன். இது இருநூறு அடிதான் நடந்தேன்னு சொல்லுது."

"டிவி முன்னாடி உட்கார்ந்துட்டு மாடி ஏறினதா கனவு கண்டிருப்பீங்க மாமா."

"அப்படியா சொல்றே?" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பிறகு நினைக்கும்போதெல்லாம் அவளுக்குத் தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருக்கும்.

புதன்கிழமை மாலை வீடு திரும்பினால், அவர் முழங்கையில் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நெற்றியில் சிராய்ப்பு. அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஒண்ணுமில்லம்மா. படியில கால் தவறிடுச்சு. ஒரு நிமிஷம், உடனே எழுந்துட்டேன்."

"போன் அடிக்கவே இல்லையே மாமா!"

"மெதுவாத்தான் விழுந்தேன். அதுக்கெல்லாம் அது அடிக்காதோ என்னமோ." அவர் ஐஸ் கட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

எலும்பு முறியவில்லை என்று டாக்டர் சொன்னார். அவளுக்கு அந்த நிம்மதி போதவில்லை. நாளை மறுநாள் அறுநூறு வீடு. அறுநூறு கை. இந்தப் பட்டை ஏன் வாய் திறக்கவில்லை என்று அதற்குள் தெரிந்தாக வேண்டும்.

வியாழக்கிழமை காலை அவர் பட்டையைக் கழற்றி வாங்கிப்போய், கேபிளைச் செருகி, கணினியில் பதிவு ஓடும் திரையைத் திறந்து வைத்துக்கொண்டு, தன் நாற்காலி மெத்தைமேல் போட்டாள். மணி அடித்தது. மறுபடி போட்டாள், அடித்தது. முப்பது தடவை போட்டாள். முப்பது தடவையும் சமர்த்தாக அடித்தது. நேற்று ஏமாற்றியது நான்தானா என்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டிருந்தது அந்தப் பட்டை.

தேதி எட்டிப் பார்த்தார். "நல்லாத்தானே வேலை செய்யுது? உங்க மாமா விழுந்திருக்க மாட்டார், உட்கார்ந்திருப்பார்."

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. பட்டென்று எழுந்து கேபிளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, பட்டையைத் தன் கையில் கட்டிக்கொண்டு நடைகூடத்தில் நடக்க ஆரம்பித்தாள். கோபத்தில் நடந்த நடைதான், ஆராய்ச்சி இல்லை. கடைசி வரை போய்த் திரும்பி வந்து திரையைத் தொட்டு அடிக்கணக்கைப் பார்த்தாள். ஒன்பது. நூற்றைம்பது அடியாவது நடந்திருப்பாள்.

இருநூறு அடிதான் நடந்தேன்னு சொல்லுது. செவ்வாய்க்கிழமை வந்த குரல் இப்போதுதான் காதில் விழுந்தது.

பிறகு எல்லாம் மளமளவென்று பிடிபட்டது. கேபிள் செருகியிருக்கும்வரை, பதிவுத் திரை ஹப்பிடம் ஓயாமல் கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கும். அதைத் தூங்க விடாது. அதாவது இவள் பார்த்துக்கொண்டிருக்கும்வரை பட்டை விழித்திருந்தது. இவள் கண்ணை எடுத்ததும் தூங்கியது. அலுவலகத்தில் எல்லோர் மேசையிலும் எல்லாப் பட்டையும் கேபிளோடுதான் கிடந்தன. ஐந்து நாள் ஓடுகிற பேட்டரிக்குக் கை தட்டினார்களே, அது மிச்சமானது சாமர்த்தியத்தால் அல்ல, பட்டை வேலையே செய்யாததால்.

ஏன் தூங்கியது? நிரலைத் திறந்தாள். ஹப்பைத் தூங்க வைப்பதற்கு ஒரு முறை உண்டு. ஐந்து பேர் இருக்கும் அறையில் கடைசியாகப் போகிறவர்தான் விளக்கை அணைக்க வேண்டும்; டிரைவர் தலைகளை எண்ணி, ஒருவரும் இல்லை என்றால்தான் ஹப்பை உறங்கச் சொல்ல வேண்டும். நான்கு சென்சார்களின் பகுதியும் ஒழுங்காக எண்ணியது. வெளிச்ச சென்சாரின் பகுதி மட்டும் எண்ணவில்லை. போகிற போக்கில் விளக்கை அணைத்துவிட்டுப் போனது. திரையைத் தொட்டால்தான் ஹப் மறுபடி கண் விழிக்கும். அந்த வரியை எழுதியது யார் என்று பார்த்தாள். அவளேதான். முதல் பட்டையில் ஹப்புக்குப் பின்னால் வெளிச்ச சென்சார் ஒன்றுதான் இருந்தது; மற்றவர்கள் அப்போது பெரிய சில்லோடு நேரே பேசினார்கள். தனியாளுக்கு யாரை எண்ணுவது? பிறகு நான்கு பேர் குடிவந்தார்கள். அந்த வரியிடம் போய்ச் சொல்ல அவளுக்குத் தோன்றவில்லை. இத்தனை வருடமும் வெளிச்ச சென்சார் ஓய்வே எடுக்காததால் அது வெளியே தெரியவில்லை.

மூன்று வரியில் திருத்திவிட்டாள். அதோடு எழுந்திருக்கலாம். எழுந்திருக்கவில்லை. மாமனாரின் பட்டையில் புதன்கிழமைப் பதிவு அப்படியே இருந்தது, அதைத் திறந்தாள்.

நான்கு மணி பத்து நிமிடம். காற்றழுத்தம் மூன்றாம் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவில் அவரைக் காட்டியது. திரை எரிந்திருக்கிறது, மணி பார்த்திருக்கிறார். ஒரு அடி, இரண்டு அடி, மூன்றாவது அடி. திரை அணைந்தது. அதற்குமேல் ஒன்றுமே இல்லை. விழுந்த கணம்கூட இல்லை. அடுத்த வரி நான்கு மணி ஐம்பத்தொரு நிமிடம். அப்போது திரையைத் தொட்டிருக்கிறார். காற்றழுத்தம் அதே படிக்கட்டைத்தான் சொன்னது. அசைவு சென்சார் ஒன்பது புள்ளி எட்டு காட்டியது, பக்கவாட்டில். நிற்கிற மனிதனின் கை அப்படி இருக்காது. தரை தாங்கிக்கொண்டிருந்த கை அது. நாடி நூற்றுப் பதினெட்டு.

ஒரு நிமிஷம், உடனே எழுந்துட்டேன்.

நாற்பத்தொரு நிமிடம். எல்லோரும் லிஃப்ட்டில் போகிற கட்டிடத்தில், யாரும் வராத படிக்கட்டில். அவள் மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதாள். அழுதபோதும் அந்த எண்களை விட்டுக் கண் போகவில்லை. ஒரு மனிதர் மறைத்ததை, கண்ணும் காதும் இல்லாத ஐந்து பொடிச் சில்லுகள் அரைகுறையாகத் தூங்கி எழுந்தும் மறைக்காமல் சொல்லிவிட்டன. இவற்றைப் போய் நான் தூங்க வைத்தேனே என்று இருந்தது.

திரையை அப்படியே தேதியிடம் கொண்டுபோய்க் காட்டினாள். "தப்பு என்னோடது சார். திருத்திட்டேன். ஆனா கேபிள் இல்லாம ஒரு வாரம் கையில கட்டிப் பார்க்காம ஒரு பட்டையும் வெளிய போகக்கூடாது."

அவர் இரண்டு நேரங்களையும் பார்த்தார். நடுவில் இருந்த வெற்றிடத்தைப் பார்த்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் வாயில் தேதி வரவில்லை.

"நிறுத்திடலாம்" என்றார்.

அன்று வெயில் தாழும் முன்பே வீட்டுக்கு வந்துவிட்டாள். திருத்திய நிரலை ஏற்றிய பட்டையை மாமனாரின் முன்னால் வைத்தாள்.

"நாற்பத்தொரு நிமிஷம் மாமா."

அவர் திடுக்கிட்டார். கையும் களவுமாகப் பிடிபட்ட பள்ளிப்பிள்ளை மாதிரி பார்த்தார்.

"அது சொல்லிடுச்சா?"

"சொல்லிடுச்சு. நீங்க ஏன் சொல்லலை?"

"கை உடம்புக்கு அடியில மாட்டிக்கிச்சும்மா. இப்ப அடிக்கும், இப்ப அடிக்கும்னு படுத்திருந்தேன். அடிக்கலை. நீ எழுதினதுன்னு அத்தனை பேர்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன். அது அடிக்கலைன்னு எந்த வாயால சொல்லுவேன்?"

அவள் எழுந்து போய்க் கட்டில் மெத்தையை இழுத்து வந்து கூடத்தில் போட்டாள். பட்டையைத் தன் கையில் கட்டினாள். கேபிள் இல்லை, பதிவுத் திரை இல்லை. தன் போனை அவரிடம் கொடுத்தாள். பட்டையின் திரை அணையும்வரை நின்றாள். அணைந்த பிறகும் இரண்டு நிமிடம் நின்றாள். காப்பி ஆறக் காத்திருக்காதவள் அவள்.

பிறகு கண்ணை மூடிக்கொண்டு அப்படியே சாய்ந்தாள். கால் நொடி, அரை நொடி. தாங்க ஒன்றும் இல்லை. வயிறு மேலே எழும்பியது. பன்னிரண்டு வருடமாகத் திரையில் பார்த்த பூஜ்யம் இதுதான் என்று நினைப்பதற்குள் மெத்தை வந்துவிட்டது.

வீடே அதிர மணி அடித்தது.

"அடிக்குதும்மா!" அவர் குரல் உடைந்துபோயிருந்தது. "அடிக்குது பாரு! எடுக்கவா?"

அவள் எழுந்திருக்கவில்லை. மெத்தையில் முகம் புதைத்துக் கிடந்தபடியே சொன்னாள்:

"எடுக்காதீங்க மாமா. கொஞ்ச நேரம் அடிக்கட்டும்."