தானே வழி தேடிய கோப்பு

யுத்தம் முடியாத அந்த வருடங்களில், பாலாவியில் ஓர் உதவி நிறுவனத்தின் கிளையில் நான் தற்காலிக ஊழியர். வடக்கிலிருந்து துரத்தப்பட்டுப் புத்தளத்து முகாம்களுக்கு வந்த எங்களுக்கு வீடு உட்பட எல்லாமே தற்காலிகம்தான். சீமெந்து லொறிகள் போகும்போது தென்னோலைக் கிடுகுச் சுவருக்குள்ளால் தூசு மட்டும் தாராளமாக வரும். சீமெந்து வரவில்லை.

முகாம் அலுவலகங்களின் கணினிகள் எந்த வழியால் ஒன்றோடொன்று பேச வேண்டும் என்பதை ஒரு கோப்பில் வரி வரியாக எழுதிவைத்திருந்தோம். தொலைபேசி இணைப்பு அறுந்தால் கோப்புக்கு அது தெரியாது. நான்தான் பஸ் ஏறி, ஒவ்வோர் இடமாகப் போய் வரிகளை மாற்ற வேண்டும். சோதனைச்சாவடிகளில் பையைக் கொட்டிக் காட்டுவது தனி.

கொழும்பிலிருந்து வந்த மேலாளரிடம் ஒரு யோசனை சொன்னேன். கோப்பில் வரிகளுக்குப் பதிலாகச் சிறிய ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதலாம். அதுவே இணைப்பைச் சோதித்து, செத்திருந்தால் கற்பிட்டிப் பக்கத்து வயர்லெஸ் வழியை எடுத்துக்கொள்ளும். கோப்பை வாசிக்கும் நிரலுக்கு அதைப் புரியவைக்க வேண்டும், அவ்வளவுதான்.

“செய்ங்க மிஸ். இது ஓடினா உங்களப் பேமனன்ட் ஆக்கிறது என்ட பொறுப்பு,” என்றார்.

உம்மாவிடம் சொன்னேன். “அப்ப கல்வீடு கட்டலாம் புள்ள,” என்றார், அன்றைக்கே அத்திவாரம் வெட்டப்போகிறவர் போல.

நிரல் லேசில் படியவில்லை. ஸ்கிரிப்டையும் பழைய பழக்கத்தில் முகவரி என்றே வாசித்தது. ‘இணைப்பு செத்திருந்தால்’ என்பதற்காக நான் எழுதிய ‘இஃப்’ என்ற சொல்லைக் கண்டு, அப்படியொரு முகாம் இருப்பதாக நம்பித் தேடிக்கொண்டிருந்தது. இருந்த முகாம்கள் போதாதென்று இது வேறு. கடைசியில் ஸ்கிரிப்டின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் அடையாளம் வைத்து, இடையில் உள்ளதை ஓட்டிப்பார்த்து, அது தரும் வரிகளை மட்டும் வாசிக்கப் பழக்கினேன். எல்லா அலுவலகங்களிலும் போட்டுவிட்டுக் கொழும்புக்கு அறிவித்தேன்.

ஒரு மழை நாளில் தொலைபேசி இணைப்பு செத்தது. நான் கதிரையை விட்டு எழும்பவில்லை. கோப்பு தானே வழி மாறியது. பெருமையில் எனக்குக் கண் கலங்கியது.

புது வழியால் வந்த முதல் ஈமெயில் மேலாளருடையது. நெட்வேர்க் இனித் தானாக இயங்குவதால் பாலாவியில் ஆள் தேவையில்லையாம். மாத முடிவோடு என் ஒப்பந்தம் முடிகிறதாம். நன்றியும் சொல்லியிருந்தார். ஆறு கடக்குமட்டும்தான் அண்ணன் தம்பி. அந்த நன்றியை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

வேலை போன செய்தியைச் சொன்னதும் உம்மா கேட்டார், “லைன் அறுந்துதானே கிடந்திச்சு? பிறகெப்பிடி அந்த ஈமெயில் வந்திச்சு?”

“நான்தான் உம்மா வழி போட்டுக் குடுத்தன்,” என்றேன்.