வேப்பங்கொத்து காயும்வரை

சிவனம்மாள் அக்காவைப் பற்றிச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் நான்தான் சொல்லியாக வேண்டும். வேறு யார் சொன்னாலும் அவரைப் பாராட்டிவிட்டு என் பங்கை விட்டுவிடுவார்கள்.

அக்காவுக்கு அறுபது வயதிருக்கும். குஜிலியம்பாறைக்குக் கிழக்கே எங்கள் ஊர்; மழை பெய்தால் காடு, பொய்த்தால் கட்டாந்தரை. புருஷன் இறந்தபோது அவரிடம் மிஞ்சியது மூன்று வெள்ளாடும் கைக்குழந்தை கௌசல்யாவும்தான். மூன்றை முப்பதாக்கினார். மகளைப் பன்னிரண்டாவது வரை படிக்கவைத்து வடமதுரையில் கட்டிக்கொடுத்தார். இத்தனை வருடத்தில் அவர் ஆடு ஒருவர் பயிரில் வாய் வைத்தது என்று ஒரு பிராது வந்ததில்லை. "ஆட்டுக்கு வாய் இருக்கு, மேய்க்கிறவளுக்குக் கண்ணு இருக்கணும்" என்பார்.

என் மேட்டுக்காட்டுக்கும் ஓடைக்கும் நடுவில் நாலு ஏக்கர், ஊருக்குப் பொதுவான மேய்ச்சல் நிலம். அதில் எனக்கு ஒரு சென்ட் உரிமை கிடையாது. ஆனால் ஒவ்வொரு உழவுக்கும் இரண்டு சால் தள்ளி உழுதேன். டிராக்டர்காரர் ஒருமுறை, "அண்ணே, எல்லைக்கல்லு இங்கிட்டுல்ல இருக்கு" என்றார். "நீ ஓட்டுப்பா" என்றேன். பத்து வருடத்தில் பாதி மேய்ச்சல் என் முருங்கைக் காடாகிவிட்டது. வேலி பயிரை மேய்ந்ததாகத்தான் சொல்வார்கள். எங்கள் ஊரில் பயிர் மேய்ச்சலை மேய்ந்தது. தட்டிக்கேட்க வேண்டியவர்களும் ஆளுக்கொரு பக்கம் உழுதுகொண்டிருந்தார்கள்.

மிச்ச இரண்டு ஏக்கரில் அக்காவின் ஆடுகள் மேய்ந்தன. எனக்கு அதுவும் வேண்டியிருந்தது.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. பயிருக்கு மருந்து அடித்தால் காட்டு ஓரத்தில் குச்சி நட்டு, அதில் வேப்பங்கொத்து ஒன்றைக் கட்டிவிடுவோம். கொத்து பச்சையாக இருக்கும்வரை ஆடு மாட்டை அங்கே விடக் கூடாது. காய்ந்து இலை உதிர்ந்தால் விடலாம். எழுதப் படிக்கத் தெரியாத அக்கா இதை மட்டும் தப்பாமல் படிப்பார். அவருடைய கொழுந்தனார் ஒருமுறை கொத்தைக் கவனிக்காமல் மேயவிட்டு ஆறு ஆடுகளைப் பறிகொடுத்தவர்.

போன சித்திரையில் கம்பளிப்புழுவுக்கு ஒரே ஒருமுறை மருந்து அடித்தேன். கொத்து கட்டினேன். அது காய்ந்ததும் இன்னொன்று கட்டினேன், மருந்து அடிக்காமலே. பிறகு வாரா வாரம். மேய்ச்சலுக்குப் போகும் வழியிலும் ஒன்று நட்டேன். வேலி போட்டால் ஊர் கேட்கும். வேப்பங்கொத்தை யார் கேட்பார்கள்?

அக்கா மட்டும் ஒருநாள் கேட்டார். "இன்னமுமா மருந்து அடிக்கிற அப்பு?"

"புழு விடமாட்டேங்குதுக்கா."

"செரி, பாத்து அடி. மூக்குல துணி கட்டிக்க. ஒனக்குப் பிள்ளைக இருக்கு."

துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு திரும்பிவிட்டேன். அப்போதே வெட்கமாகத்தான் இருந்தது. இருந்தும் மறுவாரம் புதுக்கொத்து கட்டினேன்.

மேய்ச்சல் போனதும் அக்கா ஆடுகளைத் தார்ரோட்டு ஓரமாக ஓட்டிப்போனார். அங்கே என்ன இருக்கிறது, புழுதிதான். ஆடி மாதம் பன்னிரண்டு ஆடுகளை விற்றுவிட்டார் என்று கேள்விப்பட்டேன். அடுத்த உழவுக்கு டிராக்டர் சொல்லிவைத்தேன்.

ஒருநாள் மத்தியானம் என் செவலை மாடு கயிற்றை அவிழ்த்துக்கொண்டு முருங்கைக்குள் புகுந்துவிட்டது. ரோட்டில் நின்ற அக்கா பார்த்துவிட்டார். "மருந்து அடிச்ச காடு" என்று கத்திக்கொண்டே ஓடிவந்து, மாட்டைக் கம்பால் அடித்து விரட்டியிருக்கிறார். புதுக் கன்று வைக்க நான் வெட்டியிருந்த குழியில் கால் இடறி விழுந்தார். நான் போய்ச் சேர்ந்தபோது தொடை எலும்பு முறிந்து கிடந்தார்.

"என்னைய விடு. செத்த நேரம் போனா மருந்து ஏறிரும். மாட்டு டாக்டருக்குப் போன் போடு" என்றார்.

சுற்றிலும் ஆட்கள். ஒரு நோவும் இல்லாத மாட்டுக்கு டாக்டரை வரவழைத்து ஊசி போடவைத்தேன். அது அசைபோட்டுக்கொண்டே என்னைப் பார்த்தது. அடுத்தவன் மாட்டுக்காகக் காலை ஒடித்துக்கொண்ட மகராசி என்று ஊரே பேசியது. "நாச்சிமுத்து, நீ கொடுத்துவச்சவன்" என்று என் தோளைத் தட்டினார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் நான். தலையை ஆட்டினேன்.

அக்காவுக்குத் திண்டுக்கல் பெரியாஸ்பத்திரியில் பிளேட் வைத்தார்கள். மறுநாள் காலையில் குச்சிகளையெல்லாம் பிடுங்கி எறிந்தேன். அதோடு தீர்ந்தது என்று நினைத்தேன். கௌசல்யா வந்து ஆடு மேய்த்தாள். அவளும் ரோட்டு ஓரமாகவே போனாள்.

"உள்ள ஓட்டு தாயி, கொத்து எடுத்தாச்சு" என்றேன்.

"இல்ல மாமா. கொத்து காணாட்டி காத்துல விழுந்திருக்கும், ஒரு மாசத்துக்கு அந்தப் பக்கமே போகாதன்னு அம்மா சொல்லியிருக்கு."

அக்கா வீடு திரும்பிய அன்று சாயங்காலம் போனேன். கட்டிலில் படுத்திருந்தார். என்னைப் பார்த்ததும் முதல் கேள்வி, "மாடு தீவனம் எடுக்குதா?"

நின்றபடியே சொன்னேன். "அக்கா, நான் மருந்தே அடிக்கல. சித்திரையில ஒரு தடவ அடிச்சதோட சரி. ஒங்க ஆடு வரக்கூடாதுன்னுதான் கொத்தக் கட்டுனேன்."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் தேவலை என்றிருந்தது.

"அப்ப மாட்டுக்கு ஒண்ணுமில்ல?"

"இல்லக்கா."

"நல்லது" என்றார். பிறகு, கணக்கு புரியாத பிள்ளை கேட்பதுபோல் என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"அப்ப அந்தப் பன்னெண்டு உருப்படிய நான் எதுக்கு அப்பு வித்தேன்?"