விரதத்தில் விட்ட மருந்து

என் மனைவியின் கால்கள் அவள் சொல்பேச்சைக் கேட்காமல் போய் நான்கு வருடமாகிறது. மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ் என்றார்கள். உடம்பே தன் நரம்புகளின் உறையை அரித்துவிடும் நோய். மருந்து, தினம் ஒரு கேப்சூல். முதல் கேப்சூலை ஜொகூர் பாருவில் மருத்துவமனையில் உட்காரவைத்துக் கொடுத்து, இதயத்துடிப்பு குறைகிறதா என்று சாயங்காலம்வரை பார்த்தார்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள், நிறுத்தினால் நோய் முன்பைவிட மோசமாகத் திரும்பலாம் என்று டாக்டர் எங்கள் இருவரிடமும் சொன்னார். அவள் தலையாட்டினாள். கைத்தடியோடு கோத்தா திங்கி சந்தைக்குப் போய் மீன் வாங்கிவரும் அளவுக்குத் தேறவும் செய்தாள்.

போன தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டாள். கால் நல்லாக வேண்டும், அவ்வளவுதான் வேண்டுதல். ஒரு மண்டல விரதம். வீட்டில் கவிச்சி கிடையாது, சமைக்கிற சட்டிகூடப் புதிது. விரதம் தொடங்கியபின், பெக்கான் நானாஸில் இருக்கும் அவள் அக்கா போன் போட்டு, கேப்சூல் கூட்டை மாட்டுத்தோலில் செய்கிறார்கள் என்றிருக்கிறாள். அன்றோடு மருந்து நின்றது. எனக்குத் தெரியாது. நான் விடியுமுன் மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூர் வேலைக்குப் போய் இருட்டியபின் திரும்புகிறவன்.

தைப்பூசத்துக்குச் சில நாள் முன்பு குளியலறையில் விழுந்தாள். இடுப்புக்குக் கீழே உணர்ச்சியே இல்லை. அலமாரியைத் திறந்தால் மருந்து அட்டைகள் பிரிக்காமல் கிடந்தன. வாய்க்கு வந்தபடி கத்தினேன்.

தரையில் கிடந்தபடியே அவள் கேட்டாள்: "ஏங்க, விரதத்துல மாட்டுத்தோல முழுங்கச் சொல்றீங்களா?"

மருத்துவமனையில் யாரும் திட்டவில்லை. மருந்து கொடுக்கும் மலாய்ப் பெண் மட்டும், எங்கள் ஆட்கள் தினமும் கேட்கிற கேள்விதானே, நீங்களும் கேட்டிருக்கலாமே, டாக்டரிடம் பேசியிருப்போமே என்றாள். அதே மருந்து வரிசையில் நின்று, இது ஹலாலா என்று முன்னால் நின்றவர்கள் கேட்டதை நாங்கள் எத்தனையோ தடவை காதால் கேட்டிருக்கிறோம். அது அவர்கள் விஷயம் என்று இருந்துவிட்டோம்.

டாக்டர் யோசித்த மாற்று மருந்து அவள் ஈரலுக்கு ஒத்துவராதாம். பழைய கேப்சூலையே மறுபடி ஆரம்பித்தார்கள். இடைவெளி விட்டதால் மறுபடி நெஞ்சில் வயர்களை ஒட்டி நாள் முழுக்க உட்காரவைத்தார்கள். போன கால் போனதுதான். இப்போது சக்கர நாற்காலி.

ஒவ்வொரு ராத்திரியும் சாப்பாடு முடிந்ததும் நானே எடுத்துக் கொடுக்கிறேன். மறுபேச்சில்லாமல் விழுங்குகிறாள். புத்தி வந்துவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன்.

அடுத்த வாரம் மறுபடி விரதம் தொடங்குகிறது. நேற்று கேப்சூலை நீட்டியபோது அவள் கை நீளவில்லை.

"போன வருஷம் மொத மூணு நாளு தெரியாம முழுங்கிட்டேன்லங்க," என்றாள். "அதான் சாமி கால எடுத்துக்கிச்சு."